அரிசி டின்னில் தபால்

எங்கள் ஊரில் கூட்டத்துக்கு நடுவே நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் குறைந்தது பத்துப் பெண்களாவது திரும்பிப் பார்ப்பார்கள். கோயிலில் இருக்கும் அம்மனின் பெயர் அது. திருவண்ணாமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் பெண் பிறந்தால் அதிகம் யோசிக்காமல் அந்தப் பெயரை வைத்துவிடுவார்கள். நாங்கள் குடியிருந்த சந்தில் மட்டும் மூன்று பேர் இருந்தோம். தபால்காரர் ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர் பெயரையும் கேட்டுக்கொண்டுதான் கடிதத்தைக் கொடுப்பார். அந்தப் பெயருக்குள் ஒளிந்துகொண்டு ஒருநாள் நான் தப்பிக்கப் பார்த்தேன். அது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுப் போளூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைகள் ஏலம் போகும் மண்டியில் எழுத்தர். வீட்டில் மாமியார், கணவரின் தங்கை, நான்கு வயதில் எங்கள் மகள். நாத்தனாருக்கு என்னைவிட மூன்று வயதுதான் குறைவு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்த வீட்டில் மூச்சுக்கு மூச்சு அதே பேச்சுதான்.

கதை எழுத ஆரம்பித்ததற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது. ஒரு மத்தியானம் வாரப் பத்திரிகையில் ஒரு கதையைப் படித்துவிட்டு, 'இதை விட நான் நல்லா எழுதுவேன்' என்று வாய்க்கொழுப்பாக நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம். மண்டியில் கழித்துப் போட்ட படிவங்களை அடுப்புப் பற்றவைக்கக் கணவர் கொண்டுவருவார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் எழுதி அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தது. கூடவே அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு: தாளின் ஒரு பக்கம் மட்டுமே எழுத வேண்டும். நான் ஒரு பக்கம்தான் எழுதியிருந்தேன். மறுபக்கம் மல்லாட்டை ஏல விவரம் இருந்தது.

அந்தக் காலத்தில் கதை அனுப்பினால் கூடவே ஒரு உறையும் வைக்க வேண்டும். தபால்தலை ஒட்டி, நம் விலாசத்தை நாமே எழுதி. கதை பிடிக்கவில்லை என்றால் அந்த உறையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் கதை தேறவில்லை என்ற சேதி என் கையெழுத்திலேயே எனக்கு வரும். பிரித்துப் பார்க்கவே வேண்டாம், தூரத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். அடுத்தவர்களுக்கும் தெரியும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

முதல் உறை வந்த நேரத்தில் நான் குழாயடியில் இருந்தேன். வாங்கியது நாத்தனார். கல்யாணமான பெண்ணுக்குத் தடிமனாக ஒரு கவர் வந்தால் மாமியார் சும்மா விடமாட்டார். "யார்கிட்டேர்ந்துடி?" என்று கேட்டிருக்கிறார். "என் கூட படிச்ச பொண்ணு போட்டுக்கீறா" என்று இவள் சொல்லிவிட்டாள். எனக்கு இதெல்லாம் தெரியாது. சாயங்காலம் உலைக்கு அரிசி எடுக்க டின்னுக்குள் படியை விட்டேன். கையில் காகிதம் தட்டுப்பட்டது. என் கையெழுத்து. திரும்பிப் பார்த்தேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. உறை வந்தால் அவள் வாங்குவாள், அரிசி டின்னில் போடுவாள், நான் எடுத்துக்கொள்வேன். இரண்டு வருஷம். எத்தனை உறைகள் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரே ஒருமுறை, துணி காயப்போடும்போது கேட்டாள்.

"அண்ணி, நீங்க கதை எழுதுறீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சும்மா, பொழுது போகணுமே."

என் வீட்டில் எனக்கு இருந்த ஒரே கூட்டாளியிடம்கூட ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுத்தாளர் என்றால் பத்திரிகையில் போட்டோவோடு வருகிறவர்கள். நான் திரும்பி வந்த உறைகளை அடுக்கி வைத்திருக்கிறவள். நமக்கெதற்கு அந்தப் பேர் என்று இருந்தேன்.

அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். இடது புறங்கையிலிருந்து முழங்கை வரை தீக்காயத் தழும்பு. கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் தெருவில் பிள்ளைகள் மாவலி சுற்றுவார்கள். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்துத் துணியில் பொட்டலம் கட்டி, பனமட்டைக்கு நடுவே வைத்துக் கயிற்றில் சுற்றினால் பொறி வட்டமாகப் பறக்கும். அவளுக்கு ஏழு வயதில், அவளுடைய அண்ணன் சுற்றிய மாவலியின் பொட்டலம் அவிழ்ந்து, கங்கு முழுக்க அவள் கையில் கொட்டியது. அந்த அண்ணன்தான் என் கணவர். அதன்பிறகு அவர் மாவலியைக் கையால் தொட்டதில்லை. வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

பெண் பார்க்க வந்த முதல் இரண்டு வீட்டாரும் கையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாம் முறை மாமியார் ஒரு யோசனை கண்டுபிடித்தார். காப்பித் தட்டை வலது கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். இடது கை தட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். முந்தானையை அந்தக் கை மறைய இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் வெறும் டம்ளரை வைத்து நடக்கப் பழக்கினார். "தாலி ஏறிட்டா அப்பறம் இன்னா பண்ணிடுவாங்க?" என்பார். என் மாமியார் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆனால் அந்த ஒத்திகையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மூன்றாவது வீட்டார் பெண்ணைப் பிடித்துப்போய்ச் சிரித்துப் பேசி எழுந்துவிட்டார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது பையனின் அத்தை, "வளையல் அளவு பாத்துக்கறேன்" என்று இவள் இடது கையைப் பிடித்தாள். அவ்வளவுதான். ஏமாற்றப் பார்த்தீர்களா என்று சந்து முழுக்கக் கேட்கக் கத்திவிட்டுப் போனார்கள். நாத்தனார் உள்ளே வந்தாள், டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள், மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்துவந்து மடித்தாள். என் மகளின் சின்னப் பாவாடையைக்கூட ஓரம் பிசகாமல் மடித்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நான்தான் சமையலறையில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மத்தியானம் எழுத உட்கார்ந்தேன். மூன்று மத்தியானத்தில் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் எழுதினேன். தட்டு, முந்தானை, ஒத்திகை, வளையல். மாவலியை மட்டும் வெந்நீர் என்று மாற்றினேன். மாவலி என்றால் யார் சுற்றியது என்ற கேள்வி வரும், கணவரைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. கடைசியில் அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுவதாக முடித்தேன். பத்திரிகை கேட்கும் உறுதிமொழியையும் வழக்கம்போல எழுதி வைத்தேன்: இது என் சொந்தக் கற்பனை, யாரையும் குறிப்பிடுவதல்ல. கீழே கை நடுங்காமல் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து டின்னில் உறை இல்லை. ஒரு தபால் அட்டை இருந்தது. வேறு யாருடைய கையெழுத்திலோ என் விலாசம். 'தங்கள் தட்டு என்னும் சிறுகதை பிரசுரத்துக்குத் தேர்வாகியுள்ளது.' அரிசித் தவிடு ஒட்டியிருந்த அந்த அட்டையைப் புடவையில் துடைத்துத் துடைத்துப் படித்தேன். அட்டையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அவளும் படித்திருந்தாள். வாயெல்லாம் பல்லாக வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி! புஸ்தகத்துல வரப் போவுதா? எதப் பத்தி எழுதிக்கீறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. கற்பனைக் கதை."

அந்த அட்டையில் இன்னொரு வரியும் இருந்தது. புனைபெயரில் வர விரும்பினால் உடனே தெரிவிக்கவும்.

அந்த வாரமே தரகர் வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலம் நீச்சோடு ஒரு குடும்பம். பையனுக்குக் கூட்டுறவு சங்கத்தில் வேலை. அவனுடைய அக்கா டீச்சர். "ஊட்ல எல்லாருமே படிச்சவங்கம்மா" என்றார் தரகர். "வாரம் தவறாம ரெண்டு புஸ்தகம் வாங்குறாங்க." அதில் ஒன்று என் கதை வரப்போகும் பத்திரிகை. மாமியார் வளையல் அளவுக்கு ஒரு பழைய வளையலை அப்போதே தரகரிடம் கொடுத்துவிட்டார், இந்த முறை யாரும் கையைப் பிடிக்கக் கூடாதென்று. தட்டு ஒத்திகை மறுபடி ஆரம்பமானது.

நான் ஒரு கடிதம் எழுதினேன். கதையை வெளியிட வேண்டாம், முடியாவிட்டால் வேறு ஏதாவது பெயரில் போடுங்கள் என்று. உறையில் போட்டு ஒட்டி, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தேரடிப் பக்கம் இருந்த தபால் பெட்டிக்குப் போனேன். பெட்டி வாயில் உறையை நுழைத்தும் விட்டேன், பாதி வரைக்கும். அங்கேயே நின்றேன். பின்னால் ஒருவர் கடிதத்தோடு வந்து, "போடுங்கம்மா" என்றார். நான் உறையை வெளியே இழுத்துக்கொண்டு ஒதுங்கி அவருக்கு வழி விட்டேன்.

ஏன் போடவில்லை என்று பூசி மெழுகாமல் சொல்கிறேன். என் பெயரை அச்சில் பார்க்க வேண்டும். வேறு ஒரு காரணமும் இல்லை. இரண்டு வருஷமாகத் திரும்பி வந்த என் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தது. ஒரே ஒரு தடவை, என் பெயர், பக்கத்தில் என் ஊர். அவர்கள் எங்கே அந்த வாரம் பார்த்துப் படிக்கப் போகிறார்கள், படித்தாலும் எங்கே பொருத்திப் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிதத்தைக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை கதை வந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். வேண்டுமென்றே யாரோ சேர்த்துவைத்தது போல இருந்தது. வியாழக்கிழமை காலையில்தான் மெட்ராஸ் பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும். கீரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கடையில் நின்றபடியே பிரித்தேன். இருந்தது. பெரிய எழுத்தில் என் பெயர், அதற்குக் கீழே திருவண்ணாமலை. ஒரு நிமிஷம், உண்மையாகவே ஒரு நிமிஷம், சந்தோஷத்தில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் பயம் வந்தது. கடையில் தொங்கிய நாலு பிரதியையும் எடுத்துக்கொண்டேன். அவ்வளவையும் நான் வாங்கிவிட்டால் கதை வராதது மாதிரி ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. கீழ்பென்னாத்தூரிலும் கடை இருக்கிறது என்பது கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்ட பிறகுதான் உறைத்தது.

கடைக்காரர் சிரித்தார். "இன்னாம்மா, ஊட்ல யாராச்சும் கதை எழுதிக்கீறாங்களா? எழுதினவங்கதான் இந்த மாதிரி நாலு அஞ்சு வாங்கிகினு போவாங்க."

"இல்லீங்க" என்றேன். கீரை வாங்க மறந்துபோய் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். வெறுங்கை என்று மாமியாருக்குத் தெரிந்தது; இடுப்பில் புடவைக்குள் செருகியிருந்த நாலு பத்திரிகை தெரியவில்லை. அவசரத்தில் அவற்றை எங்கே ஒளித்தேன் தெரியுமா? கை பழகிய இடத்தில். அரிசி டின்னில்.

நான் செய்த மடத்தனம் சனிக்கிழமை மத்தியானம் புரிந்தது. மகளுக்குக் காய்ச்சல் என்று நான் அவளோடு படுத்திருந்தேன், அன்றைக்கு அரிசி அளந்து உலை வைத்தது நாத்தனார். எழுந்து போய்ப் பார்த்தேன். டின்னுக்குள் பத்திரிகைகள் இருந்தன. நான் மேலே வைத்ததை விட ஒழுங்காக, ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தது. அவள் அடுப்படியில் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"சோறு ஆயிடுச்சு அண்ணி" என்றாள். படித்தாளா, படிக்கவில்லையா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சாயங்காலம் மாமியார் சொன்னபடி தட்டை எடுத்துக்கொண்டு கூடத்தில் மூன்று தடவை நடந்தாள். ஒவ்வொரு தடவையும் என்னைத் தாண்டித்தான் போனாள். முந்தானை கச்சிதமாக விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். பையன், அப்பா, அம்மா, டீச்சர் அக்கா, தரகர். ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். மழை கம்மி, மல்லாட்டை விலை, எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று பேச்சு போனது. அக்காக்காரி மட்டும் பேசவில்லை. மூக்குக் கண்ணாடி வழியாக வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்று உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மாமியார் குரல் கொடுத்தார். நாத்தனார் வந்தாள். ஊதாப் பட்டு, தலையில் கனகாம்பரம், வலது கையில் காப்பித் தட்டு, இடது கை முந்தானைக்குள். டம்ளர்கள் ஆடவில்லை. பையனின் அப்பாவுக்குக் கொடுத்தாள், அம்மாவுக்குக் கொடுத்தாள். அக்காவுக்கு முன்னால் குனிந்தாள். அக்கா டம்ளரை எடுக்காமல் முந்தானையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோம்மா. காப்பி ஆறினாலும் பரவால்ல, கொட்டிடக் கூடாது."

அது நான் எழுதிய வரி. கதையில் பையனின் அம்மா சொல்வது. ஒரு எழுத்து மாறாமல் அப்படியே சொன்னாள்.

நாத்தனார் குனிந்தபடியே நின்றாள். அக்கா என் மாமியாரிடம் திரும்பினாள். "உங்க மருமக பேரு இன்னா சொன்னீங்க?"

மாமியார் பெருமையாக என் பெயரைச் சொன்னார். அம்மன் பெயராயிற்றே.

"இந்த வாரம் ஒரு கதை படிச்சேங்க. இதே பேரு, இதே ஊரு. இதே மாதிரி ஒரு பொண்ணு, இதே மாதிரி தட்டு." பிறகு நேராக என்னைப் பார்த்தாள். "நீங்க எழுதினதா?"

கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. கணவருக்கும் புரியவில்லை. ஆமாம் என்றால் அந்தக் கை நாத்தனாருடையது, கல்யாணம் போச்சு. இல்லை என்றால் எல்லாம் தற்செயல், கல்யாணம் நடக்கலாம். அவளுக்காகத்தான் இல்லை என்று சொன்னேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. மாமியார் முகத்தைப் பார்த்த பயம் மீதிப் பாதி.

"இல்லீங்க" என்றேன். "அது வேற யாரோ. எனக்குக் கதையெல்லாம் எழுத வராதுங்க. இந்த ஊர்ல இந்தப் பேர்ல ஏகப்பட்ட பேரு இருக்காங்க."

"எங்க சந்துலயே மூணு பேருங்க!" என்று கணவர் சிரித்தார். தரகரும் சிரித்தார். பையனின் அம்மாவும் சிரித்தாள். அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது, "ஓ, அப்படியா" என்று டம்ளருக்குக் கை நீட்டினாள். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

நாத்தனார் தட்டைத் தரையில் வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணி பொய் சொல்றாங்க. அவங்கதான் எழுதினாங்க. ரெண்டு வருஷமா எழுதுறாங்க." முந்தானையை ஒதுக்கி இடது கையை நீட்டினாள். "அந்தக் கை இதுதாங்க. ஆனா வெந்நீர் இல்ல. மாவலி."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பையனின் அப்பா மட்டும் கையில் இருந்த காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைப் பதமாகக் கீழே வைத்தார். கத்தவில்லை, சண்டை போடவில்லை. "பெரியவங்கள கலந்துட்டு சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனார்கள். அக்கா மட்டும் வாசலில் நின்று என்னை ஒருமுறை பார்த்தாள். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு மாமியார் என்னைச் சொன்னதையெல்லாம் எழுத முடியாது. குடியைக் கெடுக்க வந்தவள் என்பதுதான் அதில் லேசானது. கணவர் பத்திரிகையைக் கேட்டு வாங்கி நின்றபடியே படித்தார். முடித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "வெந்நீருன்னு போட்டுக்கீறே" என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் சமையலறைக்குள் போனேன். நாத்தனார் பட்டுப் புடவையோடு உட்கார்ந்து டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். மன்னித்துவிடு, இனிமேல் பேனாவைத் தொடமாட்டேன் என்றேன். அவள் டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"எழுதினதுக்கு எனக்குக் கோவமா? ரெண்டு வருஷம் உங்க கவரையெல்லாம் அரிசிக்குள்ள ஒளிச்சு வெச்சவ நானு. எதுக்கு வெச்சேன்? எழுத வராதுன்னு அத்தினி பேர் முன்னால சொல்றீங்களே, உங்களுக்கே வெக்கமா இல்ல?"

அவள் அடுத்த டம்ளரை எடுத்தாள்.

"நேத்தே படிச்சுட்டேன். ரெண்டு வாட்டி படிச்சேன்." அவள் குரல் முதல்முறையாக நடுங்கியது. "எங்கண்ணனுக்கு வலிக்கும்னு மாவலிய வெந்நீரா மாத்தத் தெரிஞ்சுது இல்ல? எனக்காக ஒண்ணே ஒண்ணுதான் மாத்துனீங்க. அழ வெச்சுட்டீங்க. நான் எங்க அண்ணி அழுதேன்? அன்னிக்கு அழுதது நீங்க."

எத்தனையோ பேர் பிற்பாடு என் கதைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், பாராட்டியும் கிழித்தும். இந்த மாதிரி யாரும் என்னை அறைந்ததில்லை. அவள் சொன்னது முழுக்க நிஜம். அவள் கல் மாதிரி நின்றது எனக்குப் புரியவில்லை. புரியாததை எழுதத் தெரியாமல், என் அழுகையை எடுத்து அவள் முகத்தில் ஒட்டிவிட்டேன். கதையின் கடைசிப் பத்தியைத்தான் நன்றாக வந்திருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து தரகர் சொல்லி அனுப்பினார். ஜாதகம் பொருந்தவில்லையாம். மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். வேண்டியதை என் மகளைக் கூப்பிட்டுச் சொல்வார். நாத்தனார் பேசினாள், ஆனால் தேவைக்கு மட்டும். நான் எழுதவில்லை. பேனாவைப் பார்த்தாலே அந்தக் கூடமும் தரையில் வைத்த தட்டும் ஞாபகம் வந்தன.

அந்த வாரத்தில்தான் ஒரு மத்தியானம் தபால்காரர் வந்தார். புது ஆள். பழையவர் லீவு போலிருக்கிறது. சந்து முனையிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றார். கையில் பழுப்புத் தாள் சுற்றிய பத்திரிகை. எழுதியவர்களுக்கு இலவசமாக அனுப்பும் பிரதி. வாசற்படியில் மாமியார் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் நடையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"இந்தச் சந்துல இந்தப் பேர்ல மூணு பேர் கீறாங்களாம்" என்றார் தபால்காரர். "வீட்டுக்காரர் பேரு போடல. எழுத்தாளர்னு போட்டுக்கீது. எழுத்தாளர் யாரும்மா?"

மாமியாரின் முறம் நின்றது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. சந்தைப் பார்த்தபடி காத்திருந்தார். நான் நாத்தனாரைப் பார்த்தேன். இத்தனை நாளும் வாசலுக்கு எழுந்து போய் வாங்கியவள், எனக்காகப் பொய் சொன்னவள், எனக்காக நிஜத்தையும் சொன்னவள். அவள் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்து மல்லாட்டையை உடைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"பக்கத்து வூட்ல கேக்கட்டுமா?" என்று தபால்காரர் திரும்பினார்.

"நான்தாங்க" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. வாசலுக்கு வந்து இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். "எழுத்தாளர் நான்தான். குடுங்க."

கொஞ்ச நேரம் கழித்து முறம் மறுபடி ஆடத் தொடங்கியது. பத்திரிகையை நான் அரிசி டின்னுக்குக் கொண்டுபோகவில்லை. கூடத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி அலமாரித் தட்டில் வைத்தேன். திரும்பி வரும்போது நாத்தனார் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அடுத்த வாட்டி மாவலின்னே எழுதுங்க."

இரண்டு வருஷம் கழித்து செங்கம் பக்கத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். நானும் நிறைய எழுதிவிட்டேன். ஆனால் கணவர் இருந்தவரை மாவலி என்ற சொல்லை என் பேனா எழுதவில்லை. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது எழுதிவிட்டேன். கங்கு கொட்டியது இடது கையில். சுற்றியது அவள் அண்ணன். அன்றைக்கு அவள் அழவில்லை.